வினை கடைசியில் வரும் கணக்கு

மூன்றையும் நான்கையும் கூட்டி, ஐந்தையும் ஆறையும் கூட்டி, வந்த இரண்டையும் பெருக்கு என்று தமிழில் ஒருவரிடம் சொன்னால் அடைப்புக்குறி எதுவும் தேவைப்படுவதில்லை. எண்கள் முதலில் வருகின்றன. அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பது பின்னால் வருகிறது. 1970களில் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கர்ட் (எச்பி) நிறுவனம் செய்த கையடக்கக் கால்குலேட்டர்கள் கணக்கை இந்த வரிசையில்தான் கேட்டு வாங்கின. 3, எண்டர், 4, கூட்டல், 5, எண்டர், 6, கூட்டல், பெருக்கல் என்று விசைகளை அழுத்தினால் 77 என்ற விடை சிவப்பு எண்களாக ஒளிரும். அந்தக் கருவிகளில் சமக்குறி விசையே கிடையாது.

இந்த முறைக்குத் தலைகீழ்ப் போலந்து முறை என்று பெயர். போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் வுகாசியேவிச், 1920களில், வினைக்குறியை எண்களுக்கு முன்னால் எழுதினால் அடைப்புக்குறிகளைத் தவிர்த்துவிடலாம் என்று காட்டினார். அதைத் திருப்பி, குறியைப் பின்னால் வைத்தது கணிப்பொறிகளுக்கு மிகவும் வசதியாக அமைந்தது. நம் வாக்கிய அமைப்போடு அது ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் இம்முறை கடினமானது என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம், வினைமுற்றை இறுதியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது எளிதாகவே வரும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கருவிக்குள் நான்கு எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் ஓர் அடுக்கு இருந்தது. அடியில் இருக்கும் எண்தான் திரையில் தெரியும். எண்டர் விசையை அழுத்தினால் அந்த எண்ணின் பிரதி ஒன்று மேல்தட்டுக்கு ஏறும். கூட்டல் விசையை அழுத்தினால் கீழிருக்கும் இரண்டு எண்களும் ஒன்றாகி, மேலே உள்ளவை ஒரு தட்டு கீழே இறங்கும். மேற்சொன்ன கணக்கில் 7 கிடைத்தபின் 5ஐ அழுத்தியதும் 7 தானாகவே மேலே ஏறி, தன் முறை வரும்வரை அங்கே காத்திருக்கிறது. இடைவிடைகளைத் தாளில் குறித்துவைக்கும் வேலையை அடுக்கு ஏற்றுக்கொள்கிறது.

இந்த அடுக்கில் மிக நயமான ஏற்பாடு ஒன்று உண்டு. அடுக்கு இறங்கும்போது உச்சித் தட்டு காலியாவதில்லை. அங்கிருக்கும் எண் அங்கேயும் தங்கி, கீழேயும் படியெடுக்கப்படுகிறது. ஆகவே ஓர் எண்ணை அழுத்தி எண்டரை மூன்று முறை தட்டினால் நான்கு தட்டுகளிலும் அதே எண் நிரம்பிவிடும். பிறகு எத்தனை முறை பெருக்கினாலும் அந்த எண் மேலிருந்து வற்றாமல் வந்துகொண்டே இருக்கும். பத்தை இப்படி நிரப்பிவிட்டு, 2, பெருக்கல், 3, கூட்டல், பெருக்கல், 5, கூட்டல், பெருக்கல், 7, கூட்டல் என்று அழுத்தினால் 2357 வரும். பத்தின் கனத்தை இரண்டாலும், வர்க்கத்தை மூன்றாலும், பத்தை ஐந்தாலும் பெருக்கிக் கூட்டி, அதனுடன் ஏழையும் சேர்த்த தொகை அது. எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் நினைவகத்தைத் தொடாமல் இவ்வாறு மதிப்பிடலாம்.

இந்த வரிசையின் முதல் கருவியான எச்பி-35, 1972ஆம் ஆண்டில் 395 டாலர் விலைக்கு வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நிறுவனம் செய்திருந்த 9100ஏ என்ற மேசைக் கால்குலேட்டர் சுமார் 18 கிலோகிராம் எடை கொண்டது. அதன் திறனைத் தம் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்குக் குறுக்கித் தருமாறு நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட் தம் பொறியாளர்களிடம் கேட்டார். விசைகள் முப்பத்தைந்து என்பதால் கருவிக்கு அந்தப் பெயர். அதுவரை பொறியாளர்கள் மூன்று இலக்கத் துல்லியம் தரும் ஸ்லைடு ரூல் எனப்படும் நகரும் அளவுகோலையும் மடக்கை அட்டவணைகளையும் நம்பியிருந்தார்கள். இதுவோ பத்து இலக்கங்களில் விடை தந்தது.

அதற்குள் இருந்த கட்டளைகள் மொத்தம் 768 என்பதையும், ஒவ்வொன்றும் பத்து பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமே என்பதையும் அறிந்தால் வியப்பு கூடும். எண்களைப் பெருக்குவதற்கென்று தனிச் சுற்று கிடையாது. இலக்கங்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். தசமப் புள்ளியை இடம் மாற்றவும் தெரியும். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு அது 57 பாகையின் டேன் மதிப்பை எப்படிக் கண்டுபிடித்தது?

விடை ஒரு போர் விமானத்திலிருந்து வந்தது. 1956இல் கான்வேர் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜாக் வோல்டர், பி-58 விமானத்தின் வழிகாட்டும் கருவிக்காக, திருப்பத்தையும் கோணத்தையும் கூட்டலாலும் இடமாற்றத்தாலும் மட்டுமே கணக்கிடும் வழியை வகுத்தார். கார்டிக் எனப்படும் அந்த முறையைப் பத்தின் அடுக்குகளுக்கு ஏற்ற வடிவில் எச்பி-35க்குள் பொருத்தியவர் எச்பி பொறியாளர் டேவிட் காக்ரன். கருவியின் நிரந்தர நினைவகத்தில் சில கோணங்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கும்: டேன் மதிப்பு 1 ஆக உள்ள 45 பாகை, 0.1 ஆக உள்ள 5.7106 பாகை, 0.01 ஆக உள்ள 0.5729 பாகை என்று அந்த வரிசை போகும் (கருவி உள்ளே ரேடியனில் கணக்கிட்டது, புரிதலுக்காக இங்கே பாகையில் தருகிறேன்). 57இலிருந்து 45ஐ ஒரு முறை கழிக்கலாம், மிச்சம் 12. அதிலிருந்து 5.7106ஐ இரண்டு முறை கழிக்கலாம். மிச்சம் சுமார் 0.5788. அதிலிருந்து 0.5729ஐ ஒரு முறை கழித்தால் 0.0059 எஞ்சும். அடுத்த கோணமான 0.0573 அதைவிடப் பெரியது என்பதால் அதைத் தாண்டி, 0.00573ஐ ஒரு முறை கழிக்கலாம். ஆக 57 பாகை என்பது 1, 2, 1, 0, 1 என்ற எண்ணிக்கைகளாகப் பிரிந்துவிட்டது.

இப்போது கிடைக்கோட்டில் ஒரு அம்பை வைத்து, அதே எண்ணிக்கைப்படி திருப்ப வேண்டும். அம்பின் முனை கிடையாக 1, செங்குத்தாக 0 என்று தொடங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் செங்குத்து அளவின் ஒரு பகுதியைக் கிடை அளவிலிருந்து கழித்து, கிடை அளவின் அதே பகுதியைச் செங்குத்து அளவோடு கூட்ட வேண்டும். அந்தப் பகுதி முழு அளவாகவோ, பத்தில் ஒன்றாகவோ, நூறில் ஒன்றாகவோ, இந்த வரிசையில் இன்னும் சிறியதாகவோதான் இருக்கும் என்பதால் பெருக்கலே வேண்டாம். தசமப் புள்ளியை நகர்த்தினால் போதும். முதல் திருப்பத்தில் 1, 1 ஆகிறது. அடுத்த இரண்டில் 0.9, 1.1 ஆகி, பின்பு 0.79, 1.19 ஆகிறது. அதன்பின் 0.7781, 1.1979. கடைசியில் 0.77798, 1.19798. பின்னதை முன்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.539856 கிடைக்கிறது, 57 பாகையின் உண்மையான டேன் மதிப்பு 1.539865. ஐந்தே திருப்பங்களில் நான்கு தசம இடங்கள் சரியாகிவிட்டன. இன்னும் சில நுண்கோணங்களைச் சேர்த்தால் பத்து இலக்கங்களும் வந்துவிடும். திருப்பும்போது அம்பு நீள்கிறது. ஆனால் இரண்டு அளவுகளும் சேர்ந்தே நீள்வதால் அவற்றின் விகிதம் கெடுவதில்லை. சைன், கோசைன் மதிப்புகளையும் அந்தக் கருவி டேன் மதிப்பிலிருந்தே வருவித்துக்கொண்டது. இந்தக் கணக்கை ஒரு தாளில் தாமே செய்து பார்ப்பவருக்குக் கால்குலேட்டர் அதன்பின் மூடிய பெட்டியாகத் தோன்றாது.

நிரல் எழுதும் வசதி 1974இல் வந்த எச்பி-65உடன் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் 195 டாலருக்கு வந்த எச்பி-25இல் அந்த வசதி இன்னும் எளிய வடிவில் இருந்ததால், நிரல் என்பது உண்மையில் என்ன என்பதை அதைக் கொண்டே விளக்கலாம். கருவியை நிரல் நிலைக்கு மாற்றிவிட்டு விசைகளை அழுத்தினால், கணக்கு நடப்பதற்குப் பதிலாக, அழுத்திய விசைகளின் இருப்பிடங்கள் எண்களாகப் பதிவாகும். மேலிருந்து ஆறாம் வரிசையில் முதலாவதாக உள்ள பெருக்கல் விசை 61 என்று பதியும். ஆரத்திலிருந்து வட்டத்தின் பரப்பைக் காணும் நிரல் மூன்றே படிகள்: வர்க்கம், பை, பெருக்கல். திரையில் அவை 15 02, 15 73, 61 என்று தெரியும் (15 என்பது முன்னால் அழுத்தும் துணை விசை; எண் விசைகள் மட்டும் இருப்பிடத்துக்குப் பதிலாகத் தம் எண்ணாலேயே பதியும்). கையால் செய்யும்போது எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்துவோமோ அதுவேதான் நிரல். அதற்கென்று கற்க வேண்டிய தனி மொழி ஒன்றும் இல்லை. முடிவெடுக்கவும் கருவிக்குத் தெரியும். திரையில் உள்ள எண் சுழியத்தைவிடச் சிறியதா என்று கேட்கும் படி ஒன்றை வைத்தால், ஆம் எனில் அடுத்த படியைச் செய்யும். இல்லை எனில் அந்த ஒரு படியைத் தாண்டிச் செல்லும். அதனோடு குறிப்பிட்ட படிக்குப் போ என்ற கட்டளையும் சேர்ந்தால், தோராய விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சமன்பாட்டின் மூலத்தைக் காணும் நியூட்டன் முறையை எழுதிவிடலாம். நிலவில் கலம் இறக்கும் விளையாட்டைக்கூட எழுதினார்கள்.

இருந்த இடமோ 49 படிகள்தான். 9.80665 என்ற புவியீர்ப்பு முடுக்கத்தை நிரலுக்குள் எழுதினால் புள்ளியோடு சேர்த்து ஏழு படிகள் போய்விடும். முன்கூட்டியே ஒரு நினைவகத்தில் போட்டுவைத்தால் ஒரே படியில் எடுக்கலாம். ஐம்பதாவது படி தேவைப்படும் நிரலை எழுதியவர், கணிதத்தையே வேறு விதமாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. இக்கருவிகளின்மேல் பலருக்கும் இன்றுவரை உள்ள பற்றுக்குக் காரணம் அவற்றின் அழகிய விசைகள் மட்டுமல்ல என்பது என் துணிபு. அடுக்கு, நினைவகம், படிகள் என அனைத்தையும் ஒரே மனத்தில் முழுமையாக ஏந்திக்கொண்டு வேலை செய்ய முடிந்த கடைசிக் கணிப்பொறிகளுள் அவை அடங்கும்.

எச்பி-25ஐ அணைத்தால் நிரல் அழிந்துவிடும். எச்பி-65இல் அந்தக் குறை இல்லை: சூயிங் கம் பட்டை போன்ற சிறிய காந்த அட்டை ஒன்றை ஒரு பக்கம் செருகினால், உள்ளிருக்கும் மோட்டார் அதை இழுத்து மறுபக்கம் தள்ளும்போது நூறு படிகள் பதிவாகிவிடும். படித்து முடித்த அட்டையை மேல்வரிசை விசைகளுக்குச் சற்று மேலே உள்ள பள்ளத்தில் செருகிவைத்தால், அட்டையின் மேல் கையால் எழுதிய சொற்களே அந்த ஐந்து விசைகளுக்கும் பெயர்களாகிவிடும். 1975இல் அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் விண்வெளியில் இணைந்த அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் அமெரிக்க வீரர்கள் இந்தக் கருவியைத் துணையாகக் கொண்டுசென்றனர். 1977இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-59 இதையே 960 படிகளுக்கு விரித்தது; 1979இன் எச்பி-41சி திரையில் எழுத்துகளையும் காட்டியது.

இன்று இவற்றைச் சேகரிப்பவர்கள் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் மின்னணுவியல் சார்ந்ததல்ல. அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை பல ஆண்டுகளில் பசைபோல் உருகிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிலிக்கோன் குழாயின் துண்டு ஒன்றை மாட்டினால் அட்டைகள் மீண்டும் ஓடும். எச்பி-25ஐ, செத்துப்போன மின்கலத்தோடு சார்ஜரில் இணைத்து ஓட்டவே கூடாது. மின்னழுத்தம் கட்டுமீறிச் சில்லுகள் எரிந்துவிடும். மற்றபடி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த விசைகள் இன்றும் அதே உறுதியான சொடுக்குடன் வேலை செய்கின்றன.

சில்லுகளில் இருந்த கட்டளைகளையும் ஆர்வலர்கள் படித்தெடுத்துவிட்டார்கள். அவற்றை அப்படியே இயக்கும் மென்பொருள்களில் பழைய கருவி தன் குறைகளோடு சேர்ந்தே உயிர்பெறுகிறது. தொடக்ககால எச்பி-35இல் 2.02இன் இயல் மடக்கையைக் கண்டு, அதன் எதிர்மடக்கையையும் கண்டால், 2.02 வருவதற்குப் பதிலாக 2 வரும். பிழை தெரிந்ததும் நிறுவனம் அந்தக் கருவிகளை மாற்றித் தர முன்வந்தது. திருத்திய கட்டளைகள் புதிய சில்லுகளில் ஏறின. திருத்துவதற்கு முந்தைய அந்த 768 கட்டளைகளை இன்றைய கணினியில் ஏற்றி, 2.02ஐ அழுத்தி, இரண்டு விசைகளையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பவருக்கு இப்போதும் அதே 2தான் வருகிறது.