அன்னதானத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

வடலூர் தருமச்சாலையில் ஒரு பெரியவர் எங்கள் கேமராவைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். இலையில் சோறு அப்படியே இருந்தது. நாங்கள் கேமராவைத் திருப்பும் வரை அவர் சாப்பிடவே இல்லை.

1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் அணையாமல் எரிகிறது. வருகிறவரிடம் சாதி, மதம் எதுவும் விசாரிப்பதில்லை. பசி இருந்தால் போதும், உட்காரலாம். நாங்கள்தான் மைக்கை நீட்டி விசாரித்தோம். “எந்த ஊர் ஐயா? பிள்ளைகள் பார்த்துக்கொள்ளவில்லையா?” அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பல மதத்துக் குடும்பங்களையும் அவர்கள் நடத்தும் அறப்பணிகளையும் தேடிப்போய்ப் பேட்டி எடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. இப்போது யூடியூபுக்காக நிறைய தம்பி தங்கைகள் இதே வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பிட வந்தவரின் முகம் நம்முடையது அல்ல. பேச வைக்க வேண்டும் என்றால், அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கேளுங்கள். தட்டு கையில் இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்போது கிடைக்கும் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘ஏழைகளுக்கு உணவு’ என்று திரையில் போடுவது பல இடங்களில் தகவல் பிழையும்கூட. சென்னை தி. நகரில் சீக்கியர்களின் குருத்வாராவில், லங்கர் என்னும் பொதுப் பந்திச் சாப்பாட்டுக்குத் தலையை மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்காருகிறார்கள். பணக்காரர் யார், இல்லாதவர் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வரிசையே. கிழிந்த சட்டைக்காரர் ஒருவரைத் தேடி நாம் க்ளோஸ் அப் வைத்தால், அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஒன்றை ஒரு நொடியில் கலைத்துவிடுகிறோம். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். தூக்குவாளியோடு நிற்கிறவர் எல்லாம் இல்லாதவர் அல்ல.

அப்படியானால் எதைக் காட்டுவது? திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரமலான் மாதம் இஃப்தாருக்கு உணவு கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் சூஃபிதார் அறக்கட்டளைத் தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒரு இந்துப் பெரியவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. மயிலாப்பூரில் நடக்கும் சமையல், பாத்திரங்கள் வண்டியில் ஏறுவது, பாங்கு சொல்வதற்குள் பரிமாறி முடிக்கும் அவசரம், இவ்வளவு இருக்கிறது. வாங்குகிறவர் முகம் ஒன்றுகூட இல்லாமல் அரை மணி நேர நிகழ்ச்சி நிறையும்.

வீடுகளுக்குப் போகும்போது வேறொரு தவறு செய்வோம். ‘உங்கள் மதத்தில் ஏன் இப்படி?’ என்று கேட்டுவிடுவோம். கேட்டதும் அந்த அம்மா மொத்த மதத்துக்கும் வக்கீலாகிவிட வேண்டியிருக்கிறது, முகம் இறுகிவிடும். ‘உங்கள் வீட்டில் எப்படிம்மா?’ என்று கேட்டுப் பாருங்கள். நோன்புக் கஞ்சியில் தன் உம்மா வெந்தயம் எவ்வளவு போடுவார் என்பதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும்.

அப்புறம் குழந்தைகள் காப்பகம். இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு காப்பகத்தில் நன்கொடையாளர் கேக் வெட்ட, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார்கள். நாங்களும் எடுத்து ஒளிபரப்பிவிட்டோம். மறுவாரம் ஒரு சிறுமி பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அதுவரை வகுப்பில் யாருக்கும் அவள் காப்பகத்துப் பிள்ளை என்று தெரியாது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. பெயர், முகவரி, பள்ளி, படம் எல்லாமே இதில் அடங்கும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நிர்வாகி சரி என்று சொன்னார் என்பதெல்லாம் போதாது. முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையையும் குரலையும் அப்படியே விட்டால் அதுவும் அடையாளம்தான்.

இப்போதெல்லாம் காப்பகம் என்றால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில்தான் போகிறோம். சமையல்கார அக்கா, வார்டன், மடித்து வைத்த பாய்கள், கொடியில் காயும் சின்னச் சின்னச் சட்டைகள் என்று எடுப்போம். நாலு மணிக்குள் கிளம்பிவிடுவோம்.