கரோஜிசாட்சு – மிகையுழைப்புத் தற்கொலை

ஜப்பானியச் சொல். இதோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கரோஷி’யைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்: ஓயாத வேலையால் மாரடைப்போ மூளை இரத்தக்கசிவோ வந்து இறப்பது. அதே வேலை ஒருவரை மனநோயில் தள்ளி, அவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அது கரோஜிசாட்சு.

எழுதும்போது நான்கு எழுத்துகள். க – மிகை. ரோ – உழைப்பு. ஜி – தன். சாட்சு – கொலை. பின்பாதியான ‘ஜிசாட்சு’ அப்படியே நம் தற்கொலை (தன் + கொலை). சிக்கல் முன்பாதியில்தான். நம் நாளிதழ்கள் ‘பணி அழுத்தத்தால் தற்கொலை’ என்று எழுதுகின்றன. அழுத்தம் என்றதுமே பேச்சு இறந்தவரின் மனத்திடத்துக்குப் போய்விடுகிறது. எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் ‘மிகையுழைப்புத் தற்கொலை’ என்பதே என் தேர்வு. நாக்கு கொஞ்சம் இடறும், பரவாயில்லை.

ஜப்பானில் இந்தச் சொல் சட்டத்துக்குள்ளும் போனது. வேலையால் வரும் மனநோய்க்கும் அதனால் நேரும் தற்கொலைக்கும் இழப்பீடு தர 1999இல் தொழிலாளர் அமைச்சகம் விதி வகுத்தது. 1991இல் இறந்த ஓர் இளம் விளம்பர நிறுவன ஊழியரின் வழக்கில், நிறுவனமே பொறுப்பு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் மிகையுழைப்பு மரணங்களைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது.

காலமும் அப்படி. 1997இல் நாடு முழுக்க 24,391 ஆக இருந்த தற்கொலைகள், வங்கிகளும் பங்குத் தரகு நிறுவனங்களும் சரிந்ததை அடுத்து 1998இல் 32,863 ஆகின. 2003இல் 34,427. இவை எல்லாமே மிகையுழைப்பால் அல்ல. கடன், வேலையிழப்பு, உடல்நோய், குடும்பம் என்று பல காரணங்கள் பின்னிக்கிடந்தன. 2006இல் தற்கொலைத் தடுப்பு அடிப்படைச் சட்டம் வந்தது. 2012இல் எண்ணிக்கை 30,000க்குக் கீழே இறங்கியது, 2019இல் 20,169.

அரசு பணக் கணக்கும் போட்டது. தற்கொலையாலும் மனச்சோர்வு நோயாலும் 2009இல் ஏற்பட்ட இழப்பு சுமார் 2.7 இலட்சம் கோடி யென் என்று 2010இல் அறிவித்தது. இறந்தவர்கள் உயிரோடு இருந்திருந்தால் சம்பாதித்திருக்கும் தொகைதான் இதில் பெரும்பங்கு. சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய ஆளாகவே அங்கேயும் எண்ணியிருக்கிறார்கள் என்பது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் நிதி அமைச்சகங்களுக்குப் புரியும் மொழி அதுதான்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் இந்தியாவில் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.)