அரை வினாடிக்குள் நடப்பது என்ன? பெரிய மட்டையாளர்கள் பந்தைப் பார்க்கும் விதம்

கிரிக்கெட்டில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, பந்துவீச்சாளரின் கையை விட்டு மட்டையாளரை வந்தடைய அரை வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் பந்து எங்கே குத்தும், எவ்வளவு எழும்பும், முன்காலில் ஆடுவதா பின்காலில் ஆடுவதா என்பதையெல்லாம் முடிவு செய்து, உடலை நகர்த்தி, மட்டையையும் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை ஆண்டுக்கணக்கில் தவறாமல் செய்து காட்டுபவர்களைப் பார்த்து, பிறவியிலேயே கழுகுப் பார்வை என்றும் மின்னல் வேகம் என்றும் வியக்கிறோம். அந்த வியப்பு அவர்களை உயர்த்துவதுபோலத் தோன்றினாலும், அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த திறமையை அது மறைத்துவிடுகிறது என்பதே என் எண்ணம்.

பீட்டர் மெக்லியோட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆடுகளத்தில் விரித்த விரிப்பின் அடியில் மெல்லிய மரக்குச்சிகளை வைத்து, பந்து குத்தியபின் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் ஊகிக்க முடியாதபடி அவர் செய்தார். சர்வதேச ஆட்டக்காரர்கள் அதில் ஆடியபோது, அந்தத் திடீர்த் திருப்பத்துக்கு ஏற்ப மட்டையின் போக்கை மாற்ற அவர்களுக்கும் ஏறத்தாழ 200 மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, தேவைப்பட்டது. சாதாரண மனிதர்களுக்கு ஆகும் நேரமும் அதுதான். வேகப்பந்து நல்ல அளவில் குத்தி மட்டைக்கு வர இதைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதால், குத்தியபின் பார்த்து ஆடலாம் என்று காத்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் தோற்றுத்தான் போவார்.

கண்பார்வையின் கூர்மையும் நாம் நினைக்கும் அளவுக்குப் பங்கு வகிப்பதில்லை. டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 என்ற சராசரியை விட்டுச் சென்ற டான் பிராட்மேனுக்கு, 1940-இல் ஆஸ்திரேலிய ராணுவத்தில் நடந்த வழக்கமான சோதனையில் பார்வை குறைவாக இருப்பது தெரியவந்தது. போருக்குப் பிறகும் அவர் சதங்களை அடித்துக்கொண்டுதான் இருந்தார். பிற்காலத்தில் டேவிட் மேன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பார்வையை வேண்டுமென்றே மங்கலாக்கும் கான்டாக்ட் லென்ஸ்களை மட்டையாளர்களுக்கு அணிவித்துச் சோதித்தார்கள். மங்கல் கணிசமாகக் கூடும்வரை அவர்களுடைய ஆட்டம் குறிப்பிடும்படி கெடவில்லை.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? மைக்கேல் லேண்டும் மெக்லியோடும், விழி அசைவைப் பதிவு செய்யும் கேமராவை மட்டையாளர்களின் தலையில் பொருத்தி, 2000-ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ‘பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே’ என்று பயிற்சியாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தாலும், நல்ல மட்டையாளர்களின் கண் பந்தைத் தொடர்ந்து பின்பற்றவில்லை. பந்து கையை விட்டு வெளிவருவதைச் சிறிது நேரம் கவனித்த கண், அதை விட்டுவிட்டு, பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. பந்து குத்தியபின் மறுபடியும் அதைத் தொடர்கிறது. திறமை கூடியவரின் கண் அந்த இடத்துக்குச் சீக்கிரமாகத் தாவியது. திறமை குறைந்தவரின் கண் தாமதித்தது. விழித்தசையின் வேகத்தைக் காட்டிலும், எங்கே தாவ வேண்டும் என்பது முன்பே தெரிந்திருப்பதே இங்கே முக்கியம்.

அது எப்படி முன்பே தெரிகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபர்நெத்தியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் விடை தேடினார்கள். பந்துவீச்சாளர் ஓடிவந்து வீசும் காணொளியை, பந்து கையை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, என்ன பந்து வரும் என்று கேட்டார்கள். புதியவர்கள் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். உயர்நிலை ஆட்டக்காரர்களோ, பந்து வெளிவருவதற்கு முன்பே, வீசும் கையின் அசைவிலிருந்தும் மணிக்கட்டின் திருப்பத்திலிருந்தும் பயனுள்ள செய்தியை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பந்துகளை எதிர்கொண்டபோது, எந்தக் கையசைவுக்குப் பின் எந்தப் பந்து வந்தது என்பதை அவர்களுடைய மூளை சேர்த்து வைத்திருந்தது. அதை வார்த்தைகளில் விளக்கச் சொன்னால் அவர்களில் பலர் திணறக்கூடும், ஏனென்றால் அது சொல்லிக்கொடுத்து வந்த அறிவன்று.

இந்த அறிவு எவ்வளவு குறுகிய எல்லைக்குள் வேலை செய்கிறது என்பதை 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு காட்சிப் போட்டி காட்டியது. பேஸ்பால் உலகின் முன்னணி மட்டையாளர்களில் ஒருவரான ஆல்பர்ட் பூஹோல்ஸ், சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச் வீசிய பந்துகளை அடிக்க முடியாமல் ஆட்டமிழந்தார். பேஸ்பாலை ஒத்த விளையாட்டான சாஃப்ட்பாலில், பேஸ்பாலைவிடப் பந்து பெரியது, வேகமும் குறைவு. ஆனால் தூரமும் குறைவு என்பதால், பந்து வந்துசேரும் நேரம் அவருக்குப் பழகிய நேரத்தை ஒட்டியதே. மாறியிருந்தது கையசைவுதான். தோளுக்கு மேலிருந்து வரும் வீச்சைப் படித்துப் பழகிய மூளைக்கு, இடுப்பருகே சுழன்று வரும் வீச்சு புரியாத மொழியாகிவிட்டது.

சதுரங்கத்திலும் இதே நிலையை வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் கண்டறிந்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகையை ஐந்து வினாடி மட்டும் பார்த்துவிட்டு, மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் பதினாறு காய்கள் அளவுக்குச் சரியாக அடுக்கினார். புதியவர் நான்கை அடுக்கினார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பியபோது இருவருக்கும் இடையே இருந்த அந்தப் பெரிய இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனது. மாஸ்டரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அன்று, சதுரங்க அமைப்புகளைப் பற்றிய அறிவு.

பயிற்சியைப் பற்றி இதிலிருந்து தெரிவது, என் பார்வையில், மிகவும் நடைமுறையானது. சிறுவயதில் பிராட்மேன், பௌரல் ஊரிலுள்ள தன் வீட்டின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய வளைந்த செங்கல் கட்டுமானத்தின்மேல் கோல்ஃப் பந்தை எறிந்து, அது எகிறித் திரும்புவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினார். அந்த விளையாட்டு கையையும் கண்ணையும் இணைத்திருக்கும். பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் படிக்கும் வித்தையை அது தந்திருக்க முடியாது. அதை அவர் மனிதர்கள் வீசிய பந்துகளிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். இன்று பயிற்சி மையங்களில் குழந்தைகளை மணிக்கணக்கில் பந்துவீச்சு இயந்திரத்தின் முன் நிறுத்தும் பழக்கம் பரவியிருக்கிறது. இயந்திரத்துக்குத் தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. அடிக்கும் முறையைத் திருத்திக்கொள்ள அது உதவும் என்றாலும், இயந்திரத்தின் முன் மட்டையாளர் காலை நகர்த்தும் நேரமும் மட்டையை ஓங்கும் நேரமும் மாறிவிடுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இயந்திரத்துக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, உயரமும் ஓட்டமும் வீச்சுமுறையும் வேறுபட்ட உண்மையான பந்துவீச்சாளர்களுக்கு ஒதுக்கும் மையமே குழந்தைக்கு நல்லது.