மெயின் ஃபியூஸ் போனால் முதலில் ஒயரைப் பாருங்கள்

பழைய சின்னக் கார் ஒன்று திடீரென்று மொத்தமாக அடங்கிவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், நான் கேட்கும் முதல் கேள்வி: "மெயின் ஃபியூஸை நீங்களே மாற்றிப் பார்த்தீர்களா?" பேட்டரியிலிருந்து காரின் மொத்த ஒயரிங்குக்கும் கரண்ட் போகும் வழியில் இருப்பதுதான் மெயின் ஃபியூஸ். பெரும்பாலும் வரும் பதில் இது: "மாற்றினேன், அதுவும் போய்விட்டது. அப்புறம் கொஞ்சம் பெரிசாக ஒன்று போட்டேன், இப்போது நிற்கிறது." இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பதற வைக்கும். ஃபியூஸ் நிற்கிறது என்றால், அதற்குப் பதிலாக வேறெதோ சூடாகிக்கொண்டிருக்கிறது.

ஃபியூஸ் என்பது லைட்டையோ ரேடியோவையோ காப்பாற்றுவதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. பழைய காரின் சின்ன பேட்டரிகூட, ஷார்ட் ஆனால் ஒரு நொடிக்குள் பல நூறு ஆம்பியரைத் தள்ளிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போதே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது என்பதை நினைத்தால் அதன் பலம் புரியும். அந்தக் கரண்ட் மெல்லிய ஒயரில் போனால் செம்பு கொதிக்கிறது, மேலுறை உருகுகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் எழும் சூடு நான்கு மடங்காகிறது. 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டவர் "இரண்டு மடங்குதானே" என்று நினைப்பார். ஒயருக்கு அது நான்கு மடங்கு.

பழைய கார்களில் இது இன்னும் ஆபத்து. ஒயர்கள் கட்டுக்கட்டாகத் துணி டேப் சுற்றி ஓடுகின்றன. ஒன்று உருகினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டின் ஸ்பிரிங் கம்பி டெர்மினலைத் தொட்டால் அங்கேயே தீப்பிடிக்கலாம், அதனால்தான் அதற்கு ஒரு மூடி கொடுத்தார்கள். அந்த மூடி இல்லாமல் ஓடும் கார்களை இன்றும் பார்க்கிறேன். ஃபியட் 500-இல் பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் முன்பக்கம் ஒரே அறையில் இருக்கின்றன. மினியில் பேட்டரி டிக்கியில். அங்கிருந்து தடித்த கேபிள் காருக்கு அடியிலேயே முன்பக்கம்வரை ஓடுகிறது. அந்தக் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. கிளிப் கழன்று அது தகரத்தில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை. மினி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது காரைத் தூக்கி அந்தக் கேபிளைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

மெயின் ஃபியூஸ் எங்கே இருக்கும்? எல்லாப் பழைய காரிலும் இருக்காது. ஆரம்பகால மினியில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான். ஹெட்லைட்டும் இக்னிஷனும் எந்த ஃபியூஸ் வழியாகவும் போவதில்லை. 1970, 80-களின் ஜப்பானிய சின்னக் கார்களில் பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் ஃபியூசிபிள் லிங்க் என்ற ஒரு துண்டு ஒயர் இருக்கும். பார்க்கச் சாதாரண ஒயர்தான். ஆனால் தான் காக்கும் ஒயரைவிட மெல்லிசாக, தீப்பிடிக்காத மேலுறையோடு செய்யப்பட்டது. அதிகக் கரண்ட் போனால் அது முதலில் உருகும், மேலுறை கொப்பளிக்கும், ஆனால் பற்றி எரியாது. சந்தேகம் வந்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு போய்விட்டது. இந்த இடத்தில் சாதாரண ஒயரை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம், அதே அளவு, அதே நீளமுள்ள லிங்க்தான் போட வேண்டும்.

போன ஃபியூஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நடந்ததை அது காட்டிக்கொடுக்கும். கண்ணாடி ஃபியூஸ் உள்ளே கறுத்து, வெள்ளிப்பூச்சு படிந்த மாதிரி இருந்தால் நேரடி ஷார்ட். கம்பி நொடியில் ஆவியாகியிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக ஓவர்லோட். முனையில் சாலிடர் இளகியோ ஹோல்டர் பழுப்பேறியோ இருந்தால் குற்றவாளி ஃபியூஸே இல்லை, ஹோல்டரின் தளர்ந்த பிடி. அங்கே எவ்வளவு புது ஃபியூஸ் போட்டாலும் திரும்பத் திரும்பப் போகும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஃபியூஸ்கூட மூடிக்குள் விரிசல் விட்டிருக்கலாம், அதனால் மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் காட்டும்; ஃபியூஸின் ஒரு பக்கம் அது வந்து மறுபக்கம் வராவிட்டால் முடிவு தெரிந்துவிடும்.

இப்போது ஆம்பியர் குழப்பத்துக்கு வருகிறேன். நல்ல அனுபவசாலிகளும் இதில் தடுக்கி விழுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் லூகாஸ் நிறுவனத்தின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருக்கும். அது ஃபியூஸ் எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து அது தாங்குவது 17 ஆம்பியர்தான். அமெரிக்க வகைக் கண்ணாடி ஃபியூஸிலும் இன்றைய பிளேடு ஃபியூஸிலும் எழுதியிருக்கும் எண், அது தொடர்ந்து தாங்கும் அளவு. ஆக, லூகாஸ் 35-ஐக் கழற்றிவிட்டு அதே உயரத்தில் கிடைத்த அமெரிக்க வகை 35-ஐப் போட்டால், எண் ஒன்றாகவே இருக்கும், பாதுகாப்பு பாதியாகிவிடும். அந்த இடத்தில் 15 அல்லது 20-க்கு மேல் போகக் கூடாது. நம்பி வாங்கிப் போட்டவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கடையில் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஐரோப்பியக் கார்களின் கூர்முனை ஃபியூஸில் இந்தச் சிக்கல் இல்லை. வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25 ஆம்பியர் என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். அதன் தொல்லை வேறு. மேல்தகடும் ஹோல்டரும் சேரும் முனையில் துரு பூத்துக் கரண்ட் தடைபடும். லைட் மங்கலாகிவிட்டதென்றால், விரலால் அந்த ஃபியூஸை இரண்டு சுற்று திருப்பிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

6 வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே வாட் பல்புக்கு 12 வோல்ட் காரைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். அதனால் 12 வோல்ட் காரின் ஃபியூஸ் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 12-க்கு மாற்றியவர்கள் பழைய ஃபியூஸ் அளவையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

சரி, மாற்றும் வேலை. சாவியை எடுத்துவிடுங்கள், எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். இன்ஜின் ஓடும்போது மெயின் ஃபியூஸைப் பிடுங்கவே கூடாது. ஆல்டர்நேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) உள்ள காரில் அந்த ஒரு நொடியில் எழும் வோல்டேஜ் அதன் டயோடுகளையே கொன்றுவிடும். அடுத்து பேட்டரியின் எர்த் கேபிளை, அதாவது காரின் பாடியோடு சேரும் கேபிளைக் கழற்றுங்கள். "மைனஸை முதலில் கழற்று" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பழைய காரில் அதை நம்ப முடியாது. 1969 வரை வந்த மினி உட்பட அந்தக் காலத்து பல பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் பாடியில் சேர்ந்திருக்கும். அதனால் பாடியில் போல்ட் போட்டிருக்கும் கேபிள் எது என்று கண்ணால் பார்த்து, அதை முதலில் எடுங்கள், கடைசியில் மாட்டுங்கள். காரணம் இதுதான்: எர்த்தை எடுத்துவிட்டால், மற்ற டெர்மினலில் ஸ்பேனர் வைக்கும்போது அது பாடியைத் தொட்டாலும் பொறி பறக்காது. மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி வையுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அது எங்கிருந்து என்று தெரியும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஹோல்டரின் இரண்டு கிளிப்பையும் நைசான உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேயுங்கள். பிடி தளர்ந்திருந்தால் மெல்ல நெருக்குங்கள். போல்ட் போடும் வகையென்றால் நட்டு நன்றாக இறுகியிருக்க வேண்டும். தளர்ந்த நட்டு தானே சூடாகி, ஃபியூஸுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பெட்டியை உருக்கும்.

இப்போதே புது ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு கிளிப்புக்கு நடுவில் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றை இணைத்து, பேட்டரியை மாட்டுங்கள். இண்டிகேட்டர் பல்பே போதும். இந்தப் பல்ப் இருக்கும்போது, அந்த ஃபியூஸ் வழியாகப் போகும் ஒயரிங்கில் எங்கே ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது. எதுவும் எரியாது, ஃபியூஸும் வீணாகாது. எல்லாம் அணைந்திருக்கும்போது பல்ப் எரியக் கூடாது. கதவு திறந்திருந்தால் உள்விளக்குக்காக மங்கலாக எரியலாம், அதை முதலில் அணைத்துவிடுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு கிளை ஒயராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் அணைகிறதோ, அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். ஒயர் கட்டை அங்கங்கே பிடித்து அசைத்துக்கொண்டே பல்பைக் கவனியுங்கள்.

ஒரு கார் பள்ளத்தில் இறங்கினால் மட்டும் ஃபியூஸ் போகும், கொட்டகையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. உரிமையாளர் வழியெல்லாம் ஃபியூஸ் வாங்கி வாங்கிப் போட்டிருந்தார். பல்பை இணைத்துவிட்டு காரின் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டேன். பல்ப் மினுக்கியது. வைப்பர் மோட்டாரின் தாங்கிக்குப் பின்னால் ஒரு ஒயர், மேலுறை தேய்ந்து செம்பு தெரிய நின்றது. புதிதாக ஒயர் போட்டு, விளிம்பில் குரோமெட் என்ற ரப்பர் வளையம் வைத்ததும் பிரச்சனை தீர்ந்தது. அதற்கு முன்பே அவர் பெரிய ஃபியூஸ் ஒன்றைப் போட்டிருந்தால் டேஷ்போர்டு மொத்தமும் போயிருக்கும்.

இன்ஜின் சுவரில் ஒயர் நுழையும் ஓட்டை, ஹெட்லைட்டின் பின்புறம், ஹார்ன் ஒயர் போகும் ஸ்டீயரிங் தண்டு, டிக்கி கீல், ஸ்பீக்கர் மாட்ட யாரோ ஸ்க்ரூ முடுக்கிய இடம்: நான் கண்டுபிடிக்கும் ஷார்ட் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான். இவை எல்லாம் சரியாக இருந்தும் பல்ப் எரிந்தால் சார்ஜிங் பக்கம் போங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரை எடுத்து டேப் சுற்றி, பேட்டரியை மட்டும் மறுபடி இணையுங்கள். பல்ப் அணைந்தால் ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடு ஷார்ட். யாராவது பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் இதுதான் நடந்திருக்கும். மெயின் ஃபியூஸ் போனதால் ஒயரிங்காவது தப்பித்தது. ஆல்டர்நேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள காரில், டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கட்-அவுட்டின் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டால், நிற்கும் காரிலும் பேட்டரி டைனமோவுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சில பேர் ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுகிறார்கள். அப்படி வந்த ஒரு காரில் ஒயர் கட்டின் டேப்பைப் பிரித்தால், மேலுறை முறுக்கு மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார் உரிமையாளர். ஓடியதுதான். அந்தக் காருக்கு முழு ஒயரிங்கையும் மாற்றினோம், வேறு வழி இல்லை.

ஷார்ட் எதுவும் இல்லை, ஆனாலும் ஃபியூஸ் அவ்வப்போது போகிறது என்றால் கணக்குப் போட வேண்டும். 60 வாட் ஹெட்லைட் இரண்டு எரிந்தால் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். அதையே 100 வாட் பல்பாக மாற்றியவர் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறார். ஒயரும் ஸ்விட்சும் மட்டும் பழையவை. அதிக வெளிச்சம் வேண்டுமென்றால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தனி ஒயர் இழுங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் வைப்பவர்களுக்கும் இதே கதை. மினியின் லூகாஸ் டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர். அந்த இடத்தில் 45 ஆம்பியர் ஆல்டர்நேட்டரை வைத்துவிட்டு, 22-க்காகப் போட்ட ஒயரையே விட்டுவைத்தால், பலவீனமான இடத்தை நாமே உண்டாக்குகிறோம். ஒயரைத் தடிமனாக்கிய பிறகுதான் ஃபியூஸைப் பெரிதாக்கலாம்.

மெயின் ஃபியூஸே இல்லாத காருக்கு ஒன்று வைக்கச் சொல்லி நான் எப்போதும் வற்புறுத்துவேன். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளை விட்டுவிட்டு, அங்கிருந்து மற்ற ஒயரிங்குக்குப் பிரியும் ஒயரில், பிரியும் இடத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வைக்க வேண்டும். அளவை அந்த ஒயரின் தடிமனைப் பார்த்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும்.

ஃபியூஸ் போட்டபின் ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் எரியும்போது ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 0.4 என்று காட்டி 15 ஆம்பியர் ஓடினால், அந்தச் சின்ன ஹோல்டரில் 6 வாட் சூடு உட்கார்ந்திருக்கிறது. கிளிப்பை மறுபடி சுத்தம் செய்யுங்கள் அல்லது ஹோல்டரையே மாற்றுங்கள். கால் மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டும் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியாத சூடு கூடாது. ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் சரியான ஆம்பியரை எழுதி ஒட்டுங்கள். லூகாஸ் வகையென்றால் எரியும் அளவா, தாங்கும் அளவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே அதே அளவில் இரண்டு உதிரி ஃபியூஸும், பேட்டரி டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்றும் காரிலேயே இருக்கட்டும். புகை வந்தால் எர்த் கேபிளைக் கழற்ற அந்த ஸ்பேனர் உடனே கைக்கு எட்ட வேண்டும்.