தோரணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால்

போன வாரம் பெங்களூரு அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகள், சிப்பி மாதிரி வளைந்த ஒரு நூலகத்தை வரைந்து வைத்திருந்தாள். "மாமா, இது நிக்குமான்னு ஜூரியில கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். கம்ப்யூட்டரில் எந்த வளைவையும் இழுத்துவிடலாம், சரி, நிற்கிற வளைவு எது? பதில் அவர்கள் வீட்டு நிலைவாசலிலேயே, தளர்வாகக் கட்டிய மாவிலைத் தோரணமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்லும் செங்கல்லும் கான்கிரீட்டும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். கான்கிரீட் தாங்கும் இழுவிசை, அது தாங்கும் அமுக்குவிசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான், கம்பி போடுவதே அதற்காகத்தான்.

இப்போது தோரணத்துக்கு வருவோம். நூலால் இழுவிசையை மட்டுமே தாங்க முடியும், தள்ளினால் துவண்டுவிடும். அதனால் தொங்கவிட்டதும், ஒவ்வொரு இலையின் கனமும் அதன் இரு பக்கத்து நூலின் இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டும்வரை ஆடி அசைந்து, ஒரு வடிவத்தில் வந்து நிற்கிறது. அந்த வடிவத்தை அப்படியே விறைக்க வைத்துக் கவிழ்த்துவிடுங்கள். முன்பு வளைவின் புடைத்த பக்கமாக இழுத்த கனம் இப்போது குழிந்த பக்கமாக இழுக்கிறது. மூன்று விசைகளில் ஒன்று திசை மாறினால், சமநிலைக்கு மற்ற இரண்டும் மாறியே ஆக வேண்டும். அளவு துளியும் மாறாது, இழுப்பு மட்டும் தள்ளலாகிவிடும்! அதாவது, முழுக்க அமுக்கத்தில் நிற்கும் வளைவை நமக்காகப் புவியீர்ப்பே வரைந்து கொடுத்துவிட்டது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதை 1670களில் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார், விடை வெளிவந்தது அவர் இறந்த பிறகு. பார்சிலோனா அருகே கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் கௌடி ஈயக்குண்டுப் பைகளைக் கயிறுகளில் தொங்கவிட்டுப் படமெடுத்து, படத்தைத் தலைகீழாக்கி அதன்மேல் கட்டடத்தை வரைந்தார். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஹைன்ஸ் இஸ்லர், குளிர்காலத்தில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு உறையவைத்தும் வடிவம் தேடினார். அந்நாட்டின் டெய்டிங்கனில் 1968இல் அவர் கட்டிய கூரை 30 மீட்டருக்கு மேல் விரிந்தும் 9 செ.மீ. தடிமன்தான்.

பெங்களூரு குளிரில் துணி உறையாது. அதனால் பழைய வேட்டித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கினோம். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்தபோதே, "மாமா, கையை உள்ள இழுக்குது" என்றாள். கொடிக்கயிற்றில் கட்டிக் காயவிட்டு, மறுநாள் கவிழ்த்து நடுவில் அழுத்தினோம். கால்கள் நான்கும் வெளிப்பக்கமாக வழுக்கின, முந்தின நாள் கையை உள்ளே இழுத்த அதே விசைதான். கால்களைச் சுற்றி ஒரு நூலைக் கட்டியதும் தடித்த அகராதியையே தாங்கியது. துணி எவ்வளவு தொய்கிறதோ அதைப் பாதியாக்கினால் இந்த உதைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதனால் தட்டையான கூரைக்கு அடியில் கனத்த கட்டு வேண்டும்.

அப்புறம் ஒன்று. காற்று ஒரு பக்கம் அடித்தால் தோரணம் வடிவத்தை மாற்றிக்கொள்ளும், கான்கிரீட்டால் அது முடியாது. அதற்காகத்தான் தடிமனும் கம்பியும், கூடவே ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரும் வேண்டும்.

இதே ஊரில் இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்காக 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு மண் கட்டிகளில் வேலை செய்தது. ஆரோவில்லில் சுடாத மண் கட்டிகளாலேயே குவிமாடங்கள் நிற்கின்றன. இழுவிசையைக் கிட்டத்தட்டத் தாங்கவே தாங்காத மண்ணுக்கு இந்த வடிவம்தான் உயிர். கம்பியும் சிமெண்டும் மிச்சமாகும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அக்கா மகளின் சிப்பி ஒரு பக்கம் மட்டும் துணியோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் பக்கத்தை அழித்துவிட்டாள். இப்போது பால்கனிக் கொடியில் மூன்று துணிகள் காய்கின்றன.