கடலுக்கு வரப்பு போட முடியுமா?

டெல்டாக்காரருக்கு எல்லை என்றால் வரப்பு. பக்கத்து வயல்காரர் ராத்திரியோடு ராத்திரியாக அரை அடி வெட்டினாலும் விடிந்ததும் தெரிந்துவிடும். கோடியக்கரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 15 கடல் மைல் போனால் இந்தியா–இலங்கை எல்லை. அங்கே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு நாடு கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடி உரிமை கோரலாம். ஆனால் கோடியக்கரைக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே மொத்தமே 30 கடல் மைல்தான். இப்படி இடம் நெருக்கடியானால், இரு கரைக்கும் சம தூரத்திலுள்ள புள்ளிகளைச் சேர்த்து நடுக்கோடு போடுவது வழக்கம். 1974 ஒப்பந்தம் பாக் கடலில் 6 புள்ளிகளைக் குறித்தது. 1976இல் கோடு மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீண்டது. கச்சத்தீவை ஒட்டி, அதன் மேற்கே ஒரு மைல் தள்ளிக் கோடு போகிறது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இன்று ஜிபிஎஸ் திரையில் கோடு பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் வலையைக் கடலில் விரித்துவிட்டு அதோடு மிதக்கும் படகை நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்துப்போகும். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்றாலே எட்டு மணி நேரத்தில் எட்டு மைல். எல்லைத் தூரத்தில் பாதிக்கும் மேல்.

எல்லை தாண்டுவதெல்லாம் இப்படித்தான் என்று சொன்னால் அது பொய். விசைப்படகுகள் பெரும்பாலும் இறாலைத் தேடித்தான் போகின்றன. பல வகை இறால்கள் பகலில் சேற்றுக்குள் புதைந்திருந்து இரவில் வெளியே வரும். இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போய் அவற்றை அள்ளுகிறது. வழியில் யாழ்ப்பாணத்துச் சிறுபடகுக்காரர் விரித்த செவுள் வலை இருந்தால் அதையும் கிழித்துவிடும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அந்தப் பக்கத்து மீனவர்களுக்குக் கடலில் கட்டுப்பாடு இருந்தது; நம் படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009க்குப் பிறகு அவர்கள் மறுபடியும் கடலுக்கு வந்தபோது மோதல் முற்றியது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

சரி, இதே சண்டை நம் கரைக்குள்ளேயே இருந்ததே, அதை எப்படிச் சமாளித்தார்கள்? நாட்களைப் பிரித்தார்கள். தஞ்சாவூர் மாவட்டத்து மல்லிப்பட்டினத்தில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைக்கிற புத்திதான் இது. மீனும் தண்ணீர் மாதிரி ஓடுகிற பொருள் என்பதால், எனக்கு இது வரப்பை விடப் பொருத்தமாகப் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறை எல்லைக்கு அப்பாலும் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டு விசைப்படகுகள் வரும் இரவுகள் எவை என்று வட இலங்கை மீனவர்களுக்கு அத்துபடி. அன்றைக்குப் பலர் வலையைக் கரையிலேயே வைத்துவிடுகிறார்கள். நம் கரையில் இரு தரப்புக்கும் முறை உண்டு. அங்கே விட்டுக்கொடுப்பது ஒரு தரப்பு மட்டும்.