தேடுபொறிக்கு ‘தரவரிசை’ பொருந்தாது

இணையக் கலைக்களஞ்சியங்கள் தேடுபொறிகளில் ‘உயர் தரவரிசை’ பெறுகின்றன என்ற வாக்கியத்தை, மெய்ப்புப் பார்க்க வரும் கட்டுரைகளில் எத்தனையோ முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். அண்மையில் வந்த ஒன்று அத்தோடு நிற்கவில்லை. முதல் தரவரிசையில் இருப்பதால் அவற்றின் தகவலும் தரமானது என்று அடுத்த வரியிலேயே முடிவு கட்டியிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வரியில் இருக்கும் சொல்தான் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

நாம் தரவரிசை என்று பெயர்க்கும் ரேங்க் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் ஜெர்மானியம், வளையத்தைக் குறிக்கும் ரிங் அதற்கு உறவு. முதற்பொருள் வரிசை, அணி. பதவி, படிநிலை எல்லாம் பிறகு ஏறியவை. அந்தச் சொல்லுக்குள் தரம் என்ற பொருள் முதலில் கிடையாது. தமிழில் நாம்தான் சேர்த்தோம்.

சேர்த்தது எல்லா இடத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன். டென்னிஸ் வீரர்களுக்குத் தரவரிசை பொருந்தும். ஆடி வென்ற புள்ளிகளை வைத்து யார் மேல் என்று அங்கே ஒப்பிடுகிறார்கள். தேடுபொறியில் நடப்பது வேறு. ஒரு சொல்லைத் தேடினால் ஒரு கட்டுரை முதலில் வரும். சற்றே மாற்றித் தேடினால் அதே கட்டுரை ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விடும். இடையில் கட்டுரையின் தரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. தரம் பொருளோடு இருப்பது. தேடலில் கிடைக்கும் இடமோ கேள்வியைப் பொறுத்தது.

அப்படியானால் கலைக்களஞ்சியம் ஏன் முந்துகிறது? ஒளிச்சேர்க்கையைப் பற்றிப் போகிற போக்கில் எழுதும் எவரும் அதற்கு விளக்கம் எழுதி நேரம் செலவிடுவதில்லை. கலைக்களஞ்சியத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஒரே பக்கம் என்ற விதி இருப்பதால் அந்த இணைப்புகள் சிதறாமல் ஓரிடத்தில் சேர்கின்றன. தலைப்பு, மக்கள் தட்டச்சு செய்யும் அதே பெயர்ச்சொல். வேறு பெயரில் தேடினாலும் வழிமாற்று கொண்டுவந்து சேர்க்கும். கட்டுரைகள் ஒன்றையொன்று உள்ளிணைப்புகளால் தாங்குகின்றன. இவற்றில் எது கட்டுரையின் உண்மையைச் சோதிக்கிறது? தேடுபொறி நிறுவனங்களும் தரத்தைக் கணிக்க முயல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது வரிசைப்படுத்தக் கணக்கில் எடுக்கும் நூற்றுக்கணக்கான குறிப்புகளில் ஒரு பங்கு. பங்கை எடுத்து முழுமைக்குப் பெயராக வைப்பது முறையல்ல.

இதைவிட என்னை வருத்துவது, பேஜ்ராங்க் என்பதைப் பெயர்த்து வைத்த ‘பக்கத் தரவரிசை’. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த செர்கே பிரினும் லாரி பேஜும் தங்கள் கட்டுரையில் விளக்கிய கணக்குமுறையின் பெயர் பேஜ்ராங்க். ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பை வாக்குப்போல எண்ணி, வாக்களிக்கும் பக்கத்தின் செல்வாக்குக்கு ஏற்ப எடை போடும் முறை. அந்தப் பெயரில் உள்ள பேஜ் ஓர் ஆளின் பெயர். பக்கம் என்ற பொருளும் ஒலிப்பதால் சிலேடை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலேடையில் ஒரு காலை வெட்டிவிட்டு மறு காலை மட்டும் நட்டால் ஆளே மறைந்துபோகிறார். ஒலியை அளக்கும் டெசிபெல்லில் இருக்கும் பெல், கிரகாம் பெல். அதை யாராவது ‘மணி’ என்று மொழிபெயர்த்தோமா? சதுரங்க ஆட்டக்காரரின் வலிமையைச் சொல்லும் எலோ என்பது ஆர்பாத் எலோ என்பவரின் பெயர், அதையும் தொடவில்லை. தெரிந்த சொல்போலத் தோன்றியதாலேயே பேஜுக்கு மட்டும் இந்த கதி. மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் நின்று பெயர்க்காரணம் பார்த்திருந்தால் போதும். தூய தமிழ் வேண்டும் என்று நானும் கேட்கிறவன்தான். ஆட்பெயரைப் பெயர்ப்பது தூய்மையில் சேராது.

தரத்தை நீக்கி வெறும் வரிசை என்றாலும் அந்தப் பொருளிலிருந்து தப்பிக்க முடியாதே என்று ஒரு நண்பர் மறுத்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. “பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்” என்ற குறளில் வரிசை என்பது அவரவர் தகுதிதான். புறநானூற்றில் மலையமான் என்ற மன்னனிடம் புலவர் கபிலர், கொடுப்பது எளிது, “வரிசை அறிதலோ அரிதே” என்கிறார். அங்கேயும் அதே பொருள். சீர்வரிசையில் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று வரிசையில் நில்லுங்கள் என்றால் யாரும் தகுதியை நினைப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக என்றே கொள்கிறார்கள். பழைய பொருளையே பிடித்துக்கொண்டாலும், வரிசையிலேயே தரம் இருக்கும்போது முன்னால் இன்னொரு தரம் எதற்கு?

நான் எழுதுவது இப்படி: தேடுபொறி அடுக்கும் ஒழுங்கு ‘தேடல் வரிசை’. அடுக்கும் செயல் ‘வரிசைப்படுத்தல்’. ஒரு பக்கம் பெறுவது ‘இடம்’. பேஜ்ராங்க், பேஜ்ராங்க்தான். ‘உயர்’ என்ற ஒட்டையும் விட்டுவிடலாம். ‘முன்’ என்பதே தமிழில் இயல்பு. நான் திருத்திய அந்த வாக்கியம், ‘இணையக் கலைக்களஞ்சியங்கள் தேடல் வரிசையில் முன்னால் வருகின்றன’ என்று அச்சுக்குப் போனது. அடுத்த வரியை எழுதியவரே நீக்கிவிட்டார்.